புளியங்கொட்டைக் கித்தான்

1927 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது, கிணற்றடி வாளியில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர். குளித்து, விபூதி இட்டு, முந்தின நாள் குறிப்பில் விட்டுப்போயிருந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஜொகூரில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஆறரைக்குக் காப்பி. ஏழுக்கு வீட்டுப் பின்பக்கக் கொட்டகையைத் திறந்து, தரையைப் பெருக்கி, இரண்டு பிரஷ்களையும் சவுக்காரம் போட்டுக் கழுவி, மயிர் கீழே பார்க்கும்படி கயிற்றில் தொங்கவிட்டேன். ஆற்று முகத்திலிருந்து காற்று. வெயில் எட்டு மணிக்கு வந்தது.

இதுவரை குறிப்பில் சுத்தமான கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அதே பக்கத்தில் ஏழு இடங்களில் அடித்து எழுதியிருக்கிறேன். என் நாட்குறிப்புகளில் வேறெந்தப் பக்கமும் அப்படி இல்லை.

அந்த வருஷம் எனக்கு நாற்பத்திரண்டு வயது. மூவாரில் ஒரு சர்க்கார் ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. நான் படம் வரைகிறவன் அல்ல. ஒரு வாழையிலையை வரையச் சொன்னால்கூட வராது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை ஓர் ஓவியர் கப்பலில் வந்து ஒன்றரை மாதம் தங்குவார். அவர் படம் எழுதக் கொண்டுவந்த கித்தான் துணி ஒரு தடவை இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போனது. எண்ணெய் வர்ணம் தீட்டுவதற்குக் கித்தானைப் பதப்படுத்துவது அளவும் பொறுமையும் மட்டும் வேண்டிய வேலை என்று அவர் சொல்லக் கேட்டு, நான் செய்து பார்க்கிறேன் என்றேன். அது நன்றாக வந்தது. அதிலிருந்து அவருக்குக் கித்தான் தயார் செய்கிறவன் நான்தான்.

செய்முறை இதுதான். பாய்மரத்துக்கு விற்கிற கனத்த பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். அதன்மேல் முதலில் பசை. பசை இல்லாத துணியில் எண்ணெய் பட்டால் சில வருஷத்தில் நூல் இற்றுப்போகும். பசை காய்ந்தபின் அதே பசையில் சீமைச்சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கடைசியாக ஆளிவிதை எண்ணெயில் அரைத்த வெள்ளை ஒரு பூச்சு. மூன்று வாரம் நிழலில் காய்ந்தால் கித்தான் தயார்.

பசை என்றால் வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பழுப்புக் கட்டி. தச்சர்கள் எல்லாரிடமும் இருக்கும். இதில்தான் அந்த வருஷம் சிக்கல் வந்தது.

சாலை போடுகிறவர்கள் குடியிருந்த லயத்தில், அவர்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர் இருந்தார். முந்தின வருஷம் அவர் பத்தொன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார். அவருடைய மனைவி, அவர் எழுந்து நடந்தால் லயத்து முருகன் கொட்டகைக்குச் சாமி படம் எழுதி வைப்பதாக நேர்ந்துகொண்டாள். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அந்தக் கொட்டகையில் அதுவரை ஒரு வேல் மட்டும்தான் இருந்தது. நேர்ச்சையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டிருந்தாள்: சாமி எழுதுகிற பொருளில் மாட்டுத் தோலோ கொழுப்போ எதுவும் சேரக்கூடாது. மண்டோர் எழுந்து நடந்தார். அவள் என்னிடம் வந்தாள்.

வச்சிரம் எதிலிருந்து வருகிறது என்று நான் ஒளிக்காமல் சொன்னேன். வேறு ஏதாவது பாருங்கள் என்றாள். கம்பளி நெய்கிறவர்கள் பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை போடுவதைச் சிறு வயதில் ஊரில் பார்த்த நினைவு எனக்கு இருந்தது, அதைச் சொன்னேன். அதற்குப்பின் இரண்டு மாதம் அவள் வீடு வீடாகப் போய்ச் சமையலில் மிஞ்சிய புளியங்கொட்டையைச் சேர்த்தாள். வறுத்து, ஊறவைத்து, தோலைக் கையாலேயே உரித்து, இடித்துச் சலித்து, ஒரு பால் டின் நிறைய மாவு கொண்டுவந்து கொடுத்தாள். “எங்க லயத்துல இனிமே யார் வீட்டுப் புளியிலயும் கொட்டை இருக்காது அண்ணே. கல்லு மட்டும்தான் மிச்சம்” என்று சிரித்தாள். இதில் வேறு எதுவும் கலக்காது என்று அன்றைக்கு நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதே சமயம் இன்னொரு கித்தானும் தேவைப்பட்டது. எங்கள் இன்ஜினியர் துரை ஆற்றில் பரிசல் கடக்கிற காட்சி ஒன்று வேண்டுமென்று ஓவியருக்குச் சொல்லியிருந்தார். அதற்கு வழக்கம்போல வச்சிரம். இரண்டு சட்டமும் ஒரே அளவு: நாலடிக்கு மூன்றடி. செய்தவர் எங்கள் தெருக் கோடியில் கடை வைத்திருந்த சீனத் தச்சர். முருகனின் சட்டத்தின் பின்பக்கம் பென்சிலால் புளியங்கொட்டைக்கு ‘பு’ என்றும், துரையின் சட்டத்தில் வச்சிரத்துக்கு ‘வ’ என்றும் எழுதினேன். இரண்டும் ஒன்றுபோலவே வர வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டேன். ஜூன் 24-ஆம் தேதிக் குறிப்பில், ‘இரண்டுக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அதற்கடியில் ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.

ஜூலை 7, வியாழக்கிழமை எல்லாம் முடிந்திருந்தது. ஓவியர் சனிக்கிழமை மத்தியானக் கப்பலில் வருவதாக இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்தபோது சட்டங்களின் பின்பக்கம் சிலாம்பு சிலாம்பாக இருப்பதாக எனக்குப் பட்டது. அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, துணியில் கை படாமல் பின்பக்கத்தை மட்டும் இழைத்துக் கொடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கியபடி கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். நான் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுத்தைத் தேடினேன். எழுத்து இல்லை. இன்னொன்றைத் திருப்பினேன். அதிலும் இல்லை.

கொஞ்ச நேரம் எனக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. வேறு பக்கத்தில் எழுதியிருப்பேனோ என்று நாலு பக்கமும் பார்த்தேன். சட்டத்தைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். பின்புதான் இழைப்புளியோடு எழுத்தும் சுருளாகப் போய்விட்டது புரிந்தது. தச்சர் கடைக்கு ஓடினேன். அவர் சுருள்களை ஏற்கெனவே அடுப்பில் போட்டுக் காப்பித் தண்ணீர் சுடவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தேன். பசை எத்தனை அவுன்ஸ், தண்ணீர் எவ்வளவு, எந்த நாள் எத்தனை மணிக்குப் பூச்சு, அன்று மழையா வெயிலா, எல்லாம் இருந்தது. எது எது என்று சொல்ல ஒரு வரி இல்லை. இந்த ஓரத்தில் ஒரு முடிச்சு, அந்த ஆணி வளைந்தது என்று ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் எழுதியிருப்பேன். ஒரு குறையும் இல்லாமல் செய்து வைத்திருந்தேன்.

முன்பக்கம் இரண்டும் ஒரே வெள்ளை. புளியங்கொட்டை கொஞ்சம் பழுப்புத் தட்டும் என்று முதலில் பயந்திருந்தேன். அவள் தோலை உரித்த சுத்தத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. விரலால் தட்டினேன். இடது கை ஓரம் இருந்தது கணீரென்றது, வலது மொத்தென்றது. சந்தோஷப்பட்டு எழுதினேன்: ‘இடது வச்சிரம்.’ பிறகுதான் இடதின்மேல் ஜன்னல் வெயில் விழுவதைக் கவனித்தேன். இரண்டையும் இடம் மாற்றி வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்து தட்டினேன். சத்தமும் இடம் மாறியிருந்தது. அந்த வரியை அடித்தேன்.

நிறுத்துப் பார்த்தேன். ஒன்று ஏறக்குறைய மூன்று அவுன்ஸ் கூடுதல். ஆனால் எந்தச் சட்டத்தில் எவ்வளவு இழைத்தார் என்பது யாருக்குத் தெரியும்? அதையும் அடித்தேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலிருந்தும் ஒரு நூல் பிய்த்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். தோல் பசையானால் மயிர் கருகுகிற நாற்றம் வர வேண்டும். இரண்டிலும் எண்ணெய்ப் புகைதான் வந்தது. ஒரு மூலையைத் தண்ணீரால் நனைத்து முகர்ந்தேன். வலது மாட்டு நாற்றம் என்று தோன்றியது. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் நன்றாக முகர்ந்துவிட்டு இடதுதான் என்றாள். திரும்ப முகர்ந்தபோது எனக்கும் இடது என்றே பட்டது. மூன்றாம் முறை எதுவும் பிடிபடவில்லை. மூக்கு மரத்துவிட்டது.

“ஏங்க, ஒண்ணைக் குடுத்திடுங்க. பாதிக்குப் பாதி சரியா இருக்கும்” என்றாள் என் மனைவி.

அதையே நானும் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கே தெரியாதே. தெரியாத ஒன்றைச் சொல்லாமல் விடுவது பொய்யா என்று அரைமணி நேரம் யோசித்தேன். ஒரு முடிவும் வரவில்லை. சாப்பிட்டேனா என்று குறிப்பில் இல்லை. அதுவும் புதுசு.

நாலு மணிக்கு மண்டோரின் மனைவி வந்தாள். வெள்ளிக்கிழமையானதால் தலைக்குக் குளித்து, பூ வைத்து, தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். சாமி எழுதும்முன் சட்டத்துக்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். ஒரு கையில் குங்குமத்தைக் குழைத்தபடி, “இதுதானே அண்ணே?” என்று பக்கத்தில் இருந்ததைக் காட்டினாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவளுடைய நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. கொட்டைத் தோலின் கறை, இரண்டு மாதமாகியும் போகவில்லை. நான் அந்த விரல்களையே பார்த்தேன்.

“என்னண்ணே, முழிக்கிறீங்க?”

“தெரியலம்மா” என்றேன். “எதுன்னு தெரியல.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நடந்ததைச் சொன்னேன். இழைக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டு கித்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து இரண்டையும் முகர்ந்தாள்.

“ரெண்டுலயும் சாம்பார் வாசம்தான் வருது” என்றாள். பிறகு, “எங்க வீட்டுல எதை மோந்தாலும் இப்ப அப்படித்தான் இருக்கு” என்றாள்.

என் மனைவி சமாதானம் பேசிப் பார்த்தாள். கோயிலில் அடிக்கிற மேளம் மட்டும் என்ன, தோல் இல்லையா? அதை யாராவது வேண்டாமென்கிறார்களா?

“மேளம் சாமி பக்கத்துல நிக்குதுக்கா. சாமி அதும்மேல நிக்கலையே” என்றாள் அவள். எனக்கு அது சரியென்றே பட்டது. ஏன் சரி என்று இன்றுவரை சொல்லத் தெரியாது.

இழைத்தவருக்கு ஏதாவது ஞாபகம் இருக்கும், அவரிடமே கேட்போம் என்றாள் அவள். நானும் அவளுமாக ஆளுக்கொரு கித்தானைத் தூக்கிக்கொண்டு தெருக் கோடிக்குப் போனோம். நான் கோணாமல் பிடித்து மெதுவாக நடந்தேன். அவள் விறகுக் கட்டு மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

தச்சர் ஓர் அலமாரிக் கதவை முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். அவரும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வது. விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சாமா சாஜா, கிராணி” என்றார். இரண்டும் ஒன்றுதான். எழுத்து இருந்ததையே தான் பார்க்கவில்லை என்றார். வேண்டுமானால் ராத்திரி வெளியே வையுங்கள், எதைக் கரப்பான் தின்கிறது என்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, கரப்பான் இரண்டையும் தின்னும் என்றார்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டார். ஒன்றில் மாட்டுத் தோல் பசை இருக்கிறது, இந்த அம்மாவுடைய சாமிக்கு அது ஆகாது என்றேன்.

அவர் கித்தானின் ஒரு மூலையைத் திருப்பி, சட்டத்தின் இரண்டு கட்டைகள் சேருகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தார். அந்த மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பிறகு அடுப்போரம் இருந்த சட்டியைக் காலால் காட்டினார். பழுப்பாக, பாதி உருகிக் கிடந்தது. நாலு மூலையிலும் அதுதான். இரண்டு சட்டத்திலும் அதுதான். “லெம்பு” என்றார். மாடு. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பலமாக ஒட்ட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க எது எது என்று தேடியிருக்கிறேன். தேடினது கிடைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. என் வாக்கு முதல் நாளே போயிருக்கிறது. துணி, பசை, சுண்ணாம்பு, எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினவன், மரத்தை மட்டும் மரம் என்று விட்டுவிட்டேன். பல வருஷமாக ஸ்டோரில் சாமான் சரிபார்த்த கண் இது.

அவளுக்கு மலாய் நன்றாகவே புரியும். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கித்தானைச் சுவரில் சாத்திவிட்டு, பசை இல்லாமல் சட்டம் சேர்க்க முடியாதா என்று தச்சரிடம் நேராகக் கேட்டாள். முடியும், மூங்கில் ஆணி அடித்தால் போதும், நாளைக்குச் சாயந்திரம் தருகிறேன் என்றார் அவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. எனக்கு ஒரு நாளில் முடியாதது அவர்கள் இரண்டு பேருக்கும் நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுச் சட்டம், புதுத் துணி, எல்லாப் பூச்சும் பூசிக் காய மூன்றரை வாரம். ஓவியர் முதலில் பரிசலை எழுதட்டும்; அவருக்கு இந்த இரண்டில் எது கிடைத்தாலும் துரைக்கு ஒரு பாதகமும் இல்லை. முருகனை அதற்குப்பின் எழுதினால் அவர் கப்பல் ஏறுவதற்குள் முடியும். ஆனால் மாவுக்கு எங்கே போவது? டின் காலி. அதைச் சொன்னேன்.

“வீட்டுல ரெண்டு கைப்பிடி இடிக்காம வெச்சிருக்கேன். பத்தலன்னா ஆஸ்பத்திரி லயத்துல கேக்கிறேன். அவங்களும் புளிதான் கரைக்கிறாங்க” என்றாள்.

இந்தத் தடவை ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று நான் ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பசை காய்ச்சுகிற சட்டி பழையது, அதில் முன்னாடி வச்சிரம் காய்ச்சினேனா என்று நினைவில்லை. புதுச்சட்டி வாங்குகிறேன் என்றேன். சரி என்றாள். சுண்ணாம்பு கல், அதில் பாதகம் இல்லை. எண்ணெய் விதையிலிருந்து வருவது. அப்போதுதான் காலையில் கழுவித் தொங்கவிட்ட பிரஷ் ஞாபகம் வந்தது. கடினமான வெள்ளை மயிர். டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்றும் ஞாபகம் வந்தது. அது பன்றி மயிர்.

“இன்னொண்ணு இருக்கும்மா” என்றேன். “பிரஷ்...”

அவள் நின்றுவிட்டாள்.

“அண்ணே, போதும்” என்றாள். “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்தான் நான் நேந்துக்கிட்டேன். நீங்க இப்படியே சொல்லிக்கிட்டுப் போனீங்கன்னா சாமிக்கு நிக்க இடமே இருக்காது. சட்டம் தெரிஞ்சுபோச்சு, மாத்திக்கலாம். இதை நீங்களே வெச்சுக்கிட்டு இருங்க.”

கொட்டகைக்கு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குங்குமம் குழைத்தபடியே இருந்தது.

அன்று சாயந்திரம் நான் குறிப்பேட்டில் எழுத உட்கார்ந்தபோது மிகவும் குழம்பியிருந்தேன். அவளுக்குத் தெரியாமல் இருப்பது அவளுக்குச் சரி. தெரிந்த எனக்கு? என் கையில் இருப்பது இப்போது யாருடைய நேர்ச்சை? ஓவியர் கொண்டுவரும் தூரிகைகள் எதனால் ஆனவை, அவருடைய கறுப்பு வர்ணம் எதை எரித்து எடுத்தது என்று நினைக்கத் தொடங்கியபோது நானும் நிறுத்திக்கொண்டேன். அவர் பெட்டி அவருடையது. என் கொட்டகையில் நடப்பதற்கு மட்டும் நான் பொறுப்பு. இந்த வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். அதுதான் அந்தப் பக்கத்தில் ஏழாவது அடித்தல்.

ஊரில் பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிறவர்கள் பிரஷ் எதுவும் வாங்குவதில்லை என்பது படுக்கப்போகும் முன்தான் ஞாபகம் வந்தது.

1927 ஜூலை 9, சனிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளிக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய், தாழம்புதரில் கட்டைவிரல் பருமனுள்ள விழுது ஒன்றை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, படித்துறைக் கல்லின்மேல் வைத்து, நுனி பிரஷ் மயிர்போல நார் நாராகப் பிரியும்வரை நைத்தேன்.